கிரைண்டர் கொடுத்து அனுப்பியவர்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அவ கிரைண்டர் வாங்கிட்டா" என்பார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில், காலணியின் மேல்பாகம் தைக்கிற தொழிற்சாலை அது. தையல் வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். இன்னும் சரியாகச் சொன்னால், கல்யாணமாகாத பெண்கள். கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையோடு வருகிற பெண்ணுக்கு நிறுவனத்தின் சார்பில் ஒரு டேபிள்டாப் கிரைண்டர் கொடுப்பது வழக்கம். அவள் பத்திரிகையைக் கொடுப்பாள். அவர் கிரைண்டரைக் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவில், சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்வதாக ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போடுவாள். இதில் எதற்கு எது ஈடு என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அழுது முடிப்பதற்குள் புகைப்படமும் எடுத்தாகிவிடும்.

அவர் என்றது எங்கள் நல அலுவலரை. வெல்ஃபேர் சார் என்றுதான் கூப்பிடுவோம். காஞ்சிபுரத்துக்காரர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் மஞ்சள்தூள் வைத்திருப்பார். தெற்கிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் அவசரத்தில் மஞ்சள் தடவாத பத்திரிகையை நீட்டிவிடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "மொட்டையா குடுக்கக் கூடாது பாப்பா" என்று சொல்லித் தானே நான்கு மூலையிலும் தடவி, அவளிடமே திருப்பிக் கொடுத்து, மறுபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

கிரைண்டர் விஷயத்திலும் அதே கவனம். தாம்பரத்திலிருந்து வந்திறங்கும் ஒவ்வொன்றையும் கேண்டீனுக்குப் பின்னால் வைத்து, அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, அவரே ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். "மாமியார் வீட்டுல மொத நாள் மாவு திப்பி திப்பியா வந்தா யாருக்கு அசிங்கம்? நம்ம கம்பெனிக்குத்தானே?" என்பார். ஆட்டிய மாவு வீணாகாமல் மறுநாள் கேண்டீனில் இட்லியாகும். அன்று இட்லி மெத்தென்று இருந்தால் வரிசையில் ஒருத்தி போகப்போகிறாள் என்று அர்த்தம். சாப்பிட்டபடியே பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் அறைக்கு அடுத்ததுதான் டைம் ஆபீஸ். வருகைப் பதிவும் பேருந்துப் பட்டியலும் என் பொறுப்பு. நடுவில் இருந்தது பிளைவுட் தடுப்பு. அங்கே பேசுவது இங்கே கேட்கும். அப்படித்தான் முத்துச்செல்வி அந்த வழக்கத்தின் நடுவில் குறுக்கே பேசியதையும் கேட்டேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். காலணியின் முன்பக்க வளைவை அவளைப் போலத் தைக்க எங்கள் வரிசையில் ஆளில்லை.

"மாப்பிள்ளை எங்கம்மா இருக்கார்?"

"இங்கதான் சார், ஒரகடத்துலயே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதாவ. பெர்மனென்ட்டு. படப்பையில வீடு பாத்தாச்சு."

"ரொம்ப சந்தோஷம். இதுல ஒரு கையெழுத்துப் போடு பாப்பா."

"இது என்னது சார்?"

"நீ கெளம்பறதுக்கு."

"நான் எங்க சார் கெளம்புதேன்? கல்யாணத்துக்கு லீவுதான் கேக்கேன். முடிஞ்சதும் வந்துருவேன்லா. ஒண்ணே ஒண்ணுதான். ஹாஸ்டல் பஸ்ஸு படப்பை வழியாத்தான வருது? அங்க ஒரு நிமிசம் நின்னுதுன்னா ஏறிக்கிடுவேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் தாளை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார். "மொதல்ல கல்யாணம் நல்லபடியா முடியட்டும்மா" என்றார்.

முத்துச்செல்வி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். அவர் அதை முடியாது என்ற பொருளில் சொன்னார். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முடியாது என்பதை இப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய ஊரில் எப்படியோ தெரியாது.

அவரைக் கெட்டவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் தொழிற்சாலையில் அவரளவுக்கு நல்லவர் இன்னொருவர் இருந்ததில்லை, சங்கடமே அதுதான். விடுதியில் ஒரு பெண்ணுக்கு டெங்கு வந்தபோது, அவள் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து சேரும்வரை மருத்துவமனை வராந்தாவிலேயே கிடந்தார். நிலவேம்புக் கஷாயம் வைக்கச் சொல்லி வீட்டிலிருந்து வரவழைத்தார். அவள் கண் விழித்ததும் அவளைவிட அதிகமாக அழுதார். தேறி வந்ததும், "உடம்புதான் முக்கியம்" என்று சொல்லி அப்பாவோடு ஊருக்கே அனுப்பிவைத்தார். அவளுக்கு அடுத்த மாதமே திரும்பி வர ஆசை. ஃபோன் செய்தாள். "நீ நல்லா ரெஸ்ட் எடு பாப்பா" என்று ஒவ்வொரு முறையும் அன்பாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் செய்த நன்மை எதுவாக இருந்தாலும் கடைசியில் அது அந்தப் பெண்ணின் சொந்த ஊர்ப் பேருந்தில் போய் முடியும். வழியனுப்பும்போது கேட்டுக்கு வெளியே நின்று, பேருந்து திரும்பும்வரை கையசைப்பார். திரும்பி வருகிறவர்களை என்ன செய்வது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

எனக்கே இதில் அனுபவம் உண்டு. என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்தவர். பைக்கிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்தபோதுதான் நான் வேலை தேடி வந்தேன். கல்யாணமானவள், பிள்ளை பெற்றவள் என்று தெரிந்ததும் வெல்ஃபேர் சார் மறுக்கத்தான் வாயெடுத்தார். கணவர் படுக்கையில் இருப்பதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே எடுத்துக்கொண்டார். அவர் கணக்கில் கேண்டீனிலோ ஆபீஸிலோ வேலை பார்க்கத் தகுதியுள்ள கல்யாணமான பெண்கள் சிலர் உண்டு: புருஷன் போனவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள், குடிகாரப் புருஷனைக் கட்டியவள். நான் நான்காவது வகை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் "சார் எப்படி இருக்கார்?" என்று கேட்பார். நான் "அப்படியேதான் சார்" என்பேன். என் வேலை அந்தப் பதிலில் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் கணவர் எழுந்து நடந்து பட்டறைக்கும் போக ஆரம்பித்தார். கேள்விப்பட்ட அன்று மாலையே வெல்ஃபேர் சார் இனிப்புப் பெட்டியோடு மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்க மேடம். இனிமேலாச்சும் வீட்டுல இருக்கலாம்."

என் கணவர் இனிப்பை எடுத்துக்கொண்டே, "இன்னா சார், நான் எழுந்து நடந்தது உங்களுக்குப் பிடிக்கலியா? வேணும்னா மறுபடியும் படுத்துக்கறேன்" என்றார்.

வெல்ஃபேர் சார் சிரிக்கவில்லை. "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று பதறினார். அதற்குப் பிறகு என்னை அனுப்பும் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை விசாரிப்பும் நிற்கவில்லை. என் கணவருக்கு மறுபடி முதுகுவலி வரும் என்று அவர் எதிர்பார்ப்பதாகவே எனக்குப் படும்.

முத்துச்செல்வியின் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது. எங்கள் முதலாளிக்கு வங்கதேசத்தில் டாக்கா பக்கத்தில் இன்னொரு தொழிற்சாலை உண்டு. அதே இயந்திரம், அதே காலணி. அங்கே பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாம் வரிசையில் இருக்கிறார்கள். இங்கே ஏன் ஒருவரும் இல்லை? தைக்கப் பழகிய கையெல்லாம் எங்கே போகிறது?

வெல்ஃபேர் சார் பதிலைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நம் மண்ணின் பண்பாடு என்று ஆரம்பித்தார். பெற்றோரின் பயம், மாப்பிள்ளை வீட்டாரின் கௌரவம், பெண்களின் பாதுகாப்பு என்று வளர்ந்து மறுபடி பண்பாட்டிலேயே வந்து முடித்தார். கையெழுத்து வாங்கும் தாளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பேருந்தைப் பற்றியும் இல்லை. நான் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

அந்தப் பதில் போதாது என்று பட்டதோ என்னவோ, டாக்கா தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளரையே நேரில் அனுப்பிவிட்டார்கள். நாற்பது வயதுப் பெண்மணி. தையல் வரிசையில் ஆரம்பித்து மேலே வந்தவர். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். வெல்ஃபேர் சார் அவரை முதலில் கேண்டீன் சுவருக்குத்தான் அழைத்துப் போனார். அங்கே வரிசையாகப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், ஒரு கிரைண்டர், ஓரமாக அவர். அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

"இவர்கள்தான் உங்கள் சிறந்த தொழிலாளர்களா? பரிசெல்லாம் கொடுக்கிறீர்கள். இவர்களில் யாரோடாவது நான் பேச வேண்டுமே."

வெல்ஃபேர் சார் என்னைப் பார்த்தார். நான் புகைப்படத்தைப் பார்த்தேன்.

"இவர்களில் யாருமே இப்போது இங்கே இல்லை மேடம்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லோருமா?" என்றார். பிறகு கிரைண்டரைச் சுட்டி, "அப்படியானால் இது எதற்கு?" என்றார். வெல்ஃபேர் சார் மாவு ஆட்டுவதை விளக்க ஆரம்பித்தார்.

மதியம் நானும் அந்த அம்மாவும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் பண்பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பேருந்து எங்கெங்கே நிற்கும் என்று கேட்டார். இரண்டு விடுதி வாசலில் மட்டும் என்றேன். கல்யாணமானவர்கள் விடுதியில் தங்கலாமா? முடியாது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பொட்டல். அதற்கு அப்பால் இன்னொரு தொழிற்சாலையின் வேலி.

"எங்கள் ஊரிலும் மாமியார் உண்டு. கௌரவமும் உண்டு" என்றார். "பெண்கள் ஆசைப்பட்டு வேலைக்கு வருவதாக நினைக்காதே. வராவிட்டால் அடுப்பெரியாது. ஆனால் தொழிற்சாலையைச் சுற்றித்தான் வீடுகள். நடந்து வந்துவிடுவார்கள். கல்யாணமானால் வீடு மாறும், கேட் மாறாது. என் பிள்ளைகள் இரண்டையும் என் அம்மா பார்த்துக்கொண்டார். நான் பக்கத்துத் தெருவிலிருந்து வேலைக்குப் போனேன். அவ்வளவுதான்."

மாலையில் அவரை நான் விடுதி பார்க்க அழைத்துப் போனது டிரைவர் டில்லி ஓட்டும் பேருந்தில். டில்லி மண்ணூர்க்காரர். அவருடைய குடும்பத்து நிலமும் ஏதோ ஒரு தொழிற்சாலைக்குள் போயிருந்தது. உங்கள் மனைவி என்ன வேலை செய்கிறார் என்று அந்த அம்மா கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். டில்லி வண்டியைச் சற்று மெதுவாக்கினார்.

"எம் பொண்டாட்டியா? அதுக்கு இன்னா மேடம் தலையெழுத்து? மின்னாடி நாத்து நட்டுகினு இருந்துது, அது வேற. இப்போ மேல் வூடு கட்டி வாடகைக்கு வுட்டுகீறோம். ராணி மாதிரி குந்திகினு கீது. ஏன், என்னைப் பாத்தா வக்கத்தவன் மாதிரியா கீது?"

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. "வாடகையை யார் வசூல் செய்வது? குழாய் உடைந்தால் யார் பார்ப்பது?" என்றார். அதையும் கேட்டேன். "அதெல்லாம் அதுதான் பாத்துக்கும். அது ஒரு வேலையா?" என்றார் டில்லி.

படப்பைக் கூட்டுச் சாலையில் வண்டி நிற்காமல் போயிற்று. பாதி இருக்கைகள் காலியாக இருந்தன.

அவர் டாக்கா திரும்பிய வாரம் முத்துச்செல்வியின் கல்யாணம். வெல்ஃபேர் சார் கிரைண்டரைச் சாக்கில் கட்டி, அரசுப் பேருந்தில் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு சங்கரன்கோவில்வரை போனார். அவள் அதைப் பரிசு என்று நினைத்து வாங்கிக்கொண்டாள், புகைப்படத்துக்கும் நின்றாள். போவதற்கு முன் அவர் இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தார். கல்யாணச் செலவுக்கு உதவுமே என்று, அவள் கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல், அவளுக்குச் சேர வேண்டிய தொகையை முடித்துக் கணக்கில் போட வைத்துவிட்டார். அதாவது, ஊழியர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்.

லீவு முடிந்து முத்துச்செல்வி வந்தாள். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில். கேட்டில் அட்டையைத் தேய்த்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது என்று செக்யூரிட்டி என்னை அழைத்தார். நான் போனபோது புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் சீருடைச் சட்டையின் காலரில் ஒட்டியிருக்க, கையில் சாப்பாட்டுப் பையோடு அவள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பின்னாலேயே வெல்ஃபேர் சார் வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் நடை மாறிவிட்டது. ஏறக்குறைய ஓடினார்.

"என்ன ஆச்சு பாப்பா? அடிக்கிறானா?"

"யாரு சார்?"

"குடிப்பழக்கம் இருக்கா? மறைச்சுட்டாங்களா? நான் வந்து பேசட்டுமா?"

"அவிய நல்லாத்தான் சார் இருக்காவ. காலையில அவியதான் ஆட்டோ ஏத்திவிட்டாவ."

"மாமியார்?"

"அவிய ஊர்ல இருக்காவ. என் மிஷின்ல வேற ஆள உக்கார வச்சிட்டீங்களா சார்? லைட்டு செவப்பா எரியுது."

"உன் கணக்கை முடிச்சாச்சேம்மா. பணம் வந்துச்சில்ல?"

"அது கல்யாணத்துக்குக் கம்பெனி தந்ததுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் இறங்கியது. "அப்ப நான் உள்ள வர முடியாதா சார்?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நாங்கள் மூவரும் கேட்டின் இருபுறமும் நின்றோம். ஷிஃப்ட் மணி அடித்தது.

"திரும்ப எடுக்கணும்னா ஜி.எம்.கிட்ட ஏதாவது காரணம் சொல்லணும் பாப்பா. வீட்டுல கஷ்டம், புருஷனுக்கு வருமானம் பத்தலன்னு சொல்லிடட்டுமா?"

"அப்படிச் சொல்லாதீங்க சார். அவிய பெர்மனென்ட்டு. கேட்டா வருத்தப்படுவாவ."

"கஷ்டமும் இல்லன்னா எதுக்கும்மா வரே?"

"வேலைக்குத்தான் சார்" என்றாள். அவர் இன்னும் காத்திருப்பதைப் பார்த்து, "வேலை செய்யத்தான் சார் வந்திருக்கேன். நல்லா தைப்பேன்லா?" என்றாள்.

அதை அவர் ஏற்றுக்கொள்ள முடியாமல் நின்றதை நான் பார்த்தேன். அவரிடம் இரக்கம் எவ்வளவோ இருந்தது. அதை வைக்கத்தான் இந்தப் பெண்ணிடம் இடமில்லை. நான் மெல்லச் சொன்னேன்: "சார், டாக்கா மேடம் அந்த போட்டோல இருக்கறவங்கள்ல ஒருத்தரையாவது பாக்கணும்னு கேட்டாங்களே. அடுத்த தடவ வந்தா காட்டறதுக்கு ஆச்சு."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே ஏதாவது எழுதிக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான்கு எட்டு வைத்தவர் நின்று, "ஷேர் ஆட்டோல எல்லாம் தொங்கிக்கிட்டு வராத பாப்பா. டில்லிகிட்ட சொல்றேன். படப்பையில நிறுத்துவான்" என்றார். அதிலும் அன்புதான் இருந்தது.

டில்லிக்கு அது பிடிக்கவில்லை. ஹாஸ்டல் பஸ்ஸில் குடும்பப் பெண்ணை ஏற்றுவதாவது என்றார். ஆனாலும் நிறுத்தினார். முத்துச்செல்வி தன் பழைய மிஷினிலேயே உட்கார்ந்தாள். வெல்ஃபேர் சார் தினமும் அந்தப் பக்கம் போய், அவள் கையையும் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். காயம் எதுவும் இல்லை. அது அவருக்குக் குழப்பமாகவே இருந்தது.

மறு மாதம் ஒரு காலை. அவர் என் அறைக்குத் தேநீரோடு வந்து, என் கணவரின் முதுகைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். முத்துச்செல்வியிடமிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, படப்பை ஸ்டாப்புல நம்ம பழைய பிள்ளைய மூணு பேரு நிக்காவ. இங்கனதான் குடியிருக்காவளாம். பஸ்ஸு நிக்கறத தெனமும் மாடியில இருந்து பாத்திருக்காவ. அவியளும் வரலாமான்னு கேக்காவ. டில்லி அண்ணன் ஏத்த மாட்டேங்காவ."

ஃபோன் டில்லியிடம் போனது. "மேடம், சீட்டு கீது. பட்டியல்ல பேரு இல்ல. நான் இன்னா பண்றது? சாரைக் கேட்டு சொல்லுங்கோ. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கறான்."

நான் விஷயத்தைச் சொன்னேன். வெல்ஃபேர் சார் தேநீர்க் குவளையை மேசையில் வைத்தார். யார் யார் என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். மூவரையும் அவருக்கு நினைவிருந்தது. மாப்பிள்ளைகள் என்ன வேலை, எந்த மண்டபத்தில் கல்யாணம் என்பதுவரை நினைவிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. கண்கூடக் கலங்கியது என்றே நினைக்கிறேன்.

"மூணு பேரையும் நல்ல இடத்துலதானே மேடம் கொடுத்தாங்க" என்றார். "ஒரே நேரத்துல மூணு குடும்பத்துக்கும் என்ன கஷ்டம் வந்துச்சு?"

நான் பேருந்துப் பட்டியலைக் கையில் எடுத்தேன். ஃபோனில், "ஏறச் சொல்லுங்க டில்லி" என்றேன்.